சதுரங்கம்: பெற்றுக்கொண்டவர் சொன்ன சாட்சி

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் யார்? இக்கேள்விக்கு நமது பொது அறிவு நூல்கள் சில, 'இராவணனின் மனைவி மண்டோதரி' என்று விடை தருகின்றன. வேறு சில, 'ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியர்' என்கின்றன. மாணவர்கள் இரண்டையும் மனனம் செய்துகொண்டு வினாடிவினாப் போட்டிகளுக்குப் போகின்றார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமப் பாடசாலை ஒன்றில் சதுரங்கக் கழகத்துக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியன் என்ற வகையில், இவ்விடைகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்க்க வேண்டிய கடமை எனக்கு ஏற்பட்டது. அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

மண்டோதரி கதையை ஆங்கில நூலுலகில் அறிமுகப்படுத்தியவர் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய சேர் வில்லியம் ஜோன்ஸ். இந்தியச் சதுரங்கம் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1790இல் வெளிவந்தது. இராமனின் படை இலங்கையை முற்றுகையிட்டிருந்த வேளையில், கணவனின் மனத்தை வேறுபக்கம் திருப்புவதற்காக இராவணனின் மனைவி போரின் சாயலில் ஓர் ஆட்டத்தை அமைத்தாள் என்று பழைய நூல்கள் கூறுவதாக அவர் குறிப்பிட்டார். ஜோன்ஸ் இதனை ஒரு கதையாகவே சொன்னார். பின்வந்தவர்கள் அதனை வரலாறாக்கிக்கொண்டனர்.

ஐயாயிரம் ஆண்டுக் கணக்கின் தந்தை வேறொருவர். வங்காளத்தில் நால்வர் கூடித் தாயக்கட்டை உருட்டி ஆடும் சதுரங்கம் ஒன்று இருந்தது. அதுவே மூல வடிவம் என்று கப்டன் ஹைரம் கொக்ஸ் என்பவர் 1799இல் எழுதினார். இன்று ரோஹிங்ய அகதிகளால் உலகமே அறிந்திருக்கும் கொக்ஸ் பஸார் நகருக்குப் பெயர் தந்தவர் இவர்தான். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கீழைத்தேய மொழிப் பேராசிரியராக இருந்த டங்கன் போர்ப்ஸ் 1860இல் அக்கருத்தைப் பெருநூலாக விரித்து, புராணத்தின் வயதை ஆட்டத்தின் வயதாகக் கொண்டு ஐயாயிரம் ஆண்டு என்று தீர்ப்புச் சொன்னார். பதினான்கு ஆண்டுகளுக்குள், 1874இல், ஒல்லாந்தரான வான் டெர் லிண்டே அக்கணக்கை மறுத்துரைத்தார். எனினும் மறுப்பு நமது ஊர்களுக்கு வந்து சேரவில்லை. கணக்கு மட்டும் வந்து சேர்ந்தது.

உறுதியாக அறியக்கூடியவை

அப்படியானால் எதைத்தான் உறுதியாகச் சொல்லலாம்? முதலில் பலகையை எடுத்துக்கொள்வோம். எட்டுக்கு எட்டாக அறுபத்துநான்கு கட்டங்கள் கொண்ட 'அஷ்டாபதம்' சதுரங்கத்துக்கு மிக முந்தியது. பதஞ்சலியின் மாபாடியம் அதனை அறியும். புத்தர் விலக்கிய விளையாட்டுகளின் பட்டியல் தீகநிகாயத்தின் பிரம்மஜால சூத்திரத்தில் வருகிறது. அதில் எட்டு வரிசைப் பலகையும் பத்து வரிசைப் பலகையும் உள்ளன. ஆனால் அங்கே பேசப்படுவது சதுரங்கம் அன்று. அதே பலகையில் ஆடப்பட்ட வேறு ஆட்டம்.

பலகையும் படையும் ஒன்றாக வருவதை ஏழாம் நூற்றாண்டில் காண்கிறோம். ஹர்ஷவர்த்தனரின் (ஆட்சி 606–647) அவைப் புலவர் பாணபட்டர், தம் மன்னனின் நாட்டில் அமைதி நிலவுவதைச் சிலேடையாகப் புகழுமிடத்தில், சதுரங்கத்தின் அணிவகுப்பை அங்கே அஷ்டாபதம் மட்டுமே கற்பிக்கிறது என்ற பொருள்பட எழுதினார். சதுரங்கம் என்றால் நான்கு அங்கம்: யானை, தேர், குதிரை, காலாள். பாணரின் சிலேடை கேட்பவருக்கு விளங்க வேண்டுமானால் அந்த ஆட்டம் அப்போது ஊரறிந்த ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஆகவே ஆறாம் நூற்றாண்டு அளவில் வட இந்தியாவில் அது வழக்கில் இருந்தது என்று கொள்வதே ஆய்வாளர் பலரின் முடிவு.

இந்தியப் பக்கத்தின் ஆரம்பச் சான்று ஏறத்தாழ இவ்வளவுதான். யார் கண்டுபிடித்தார், எந்த ஊரில், எந்த அரசன் காலத்தில் என்ற விபரம் ஒன்றும் சமஸ்கிருத நூல்களில் இல்லை. பின் எந்தத் துணிவில் 'இந்தியாவில் பிறந்தது' என்கிறோம்? ஜோன்ஸே இதற்கு விடை தந்துள்ளார். பிறர் கண்டதைத் தமதாக்கிக்கொள்ளும் ஆசை எல்லா இனத்தாருக்கும் உண்டு, பாரசீகருக்கும் இருந்திருக்கும், அவ்வாறிருந்தும் அவர்கள் ஒருமித்து இந்தியாவைக் காட்டுகின்றார்கள், அந்தச் சாட்சியே போதும் என்பது அவர் வாதம். ஜோன்ஸ் பாரசீகரோடு நின்றுவிட்டார். அவர்களிடமிருந்து பெற்ற அறபிகளின் சாட்சியை நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாரசீகத்தின் சாட்சி

பஹ்லவி மொழியில் சதுரங்க விளக்கம் கூறும் சிறு நூல் ஒன்று உண்டு. அதன் கதை இது. இந்திய அரசன் ஒருவன் பதினாறு மரகதக் காய்களும் பதினாறு மாணிக்கக் காய்களும் கொண்ட ஆட்டம் ஒன்றைப் பாரசீகப் பேரரசர் குஸ்ரோ அனூஷிர்வானுக்கு (ஆட்சி 531–579) அனுப்புகிறான். உங்கள் அறிஞர்கள் இதன் விதியைக் கண்டுசொல்ல வேண்டும், இயலாவிட்டால் திறை செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அமைச்சர் புஸுர்ஜ்மிஹ்ர் புதிரை அவிழ்க்கிறார். பதிலுக்கு 'நர்த்' என்னும் பகடை ஆட்டத்தை அமைத்து இந்தியாவுக்கு எடுத்துச் செல்கிறார். அங்கே ஒருவராலும் விடை காண முடியவில்லை. 1010இல் நிறைவுற்ற ஷாநாமாவில் பிர்தௌஸியும் இக்கதையை விரித்துப் பாடியுள்ளார்.

இது தம் அமைச்சரின் பெருமையைப் பாட எழுந்த கதை. அப்படிப்பட்ட கதையிலும் 'சத்ரங்' தம்முடையது என்று பாரசீகர் சொல்லவில்லை. நர்த் எங்களது, சத்ரங் அவர்களது என்று பிரித்தே சொன்னார்கள்.

ஷத்ரன்ஜ்

ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தபோது ஆட்டமும் அறபு மொழிக்குள் வந்தது. 'ச்ச' என்ற ஒலியும் வல்லோசைக் 'க'கரமும் அறபு நெடுங்கணக்கில் இல்லை. எனவே சத்ரங், 'ஷத்ரன்ஜ்' ஆயிற்று. அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகள் அமைத்து அறபுத்தமிழ் எழுதிய நம் முன்னோரின் வாரிசுகளுக்கு இந்த ஒலிமாற்றத்தை அதிகம் விளக்கத் தேவையில்லை.

காய்களின் பெயர்களைக் கவனியுங்கள். அரசன் பாரசீகச் சொல்லாலேயே 'ஷாஹ்'. அவனருகே ஆலோசகனான 'பிர்ஸான்'. அடுத்து 'பீல்', அதாவது யானை. பாரசீகத்தின் 'பீல்' என்ற சொல்லில் முதலெழுத்தின் ஒலி மட்டும் அறபில் மாறியது. 'பரஸ்' குதிரை. மூலையில் நின்ற தேருக்குப் பாரசீகர் வைத்திருந்த 'ருக்' என்ற பெயரை அறபிகள் மொழிபெயர்க்கவில்லை, அப்படியே வைத்துக்கொண்டனர். 'பைதக்' என்பது காலாளைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் திரிபு. ஒட்டகத்தையும் பேரீச்சையையும் அறிந்த பாலைநிலத்தவருக்கு யானை அந்நிய விலங்கு. ஆப்ரஹாவின் யானைப்படை பற்றிய அத்தியாயத்தின் மூலமே அதன் பெயர் வீடுதோறும் தெரிந்தது. விரும்பியிருந்தால் யானையை ஒட்டகமாக மாற்றியிருக்கலாம். அவர்கள் மாற்றவில்லை.

பக்தாதின் கலீபாக்கள் காலத்தில் ஷத்ரன்ஜ் ஓர் இயலாகவே வளர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்அத்லி அதுபற்றித் தனி நூல் எழுதினார். கலீபா அல்முதவக்கில் (ஆட்சி 847–861) முன்னிலையில் அவரை அர்ராஸி வென்றார். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபூபக்ர் அஸ்ஸூலி தோன்றி எல்லோரையும் விஞ்சினார். அவர் அமைத்த 'அஸ்ஸூலியின் வைரம்' என்ற புதிருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் விடை கிடைக்கவில்லை. 1980களில் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதன் தீர்வை வெளியிட்டார்.

இந்த அல்அத்லியின் பெயரால் வழங்கும் குறிப்பொன்றே எனது தேடலில் கிடைத்த பெரிய செல்வம். வேறெந்த நாடும் முந்திக்கொள்ளாத மூன்று பொருள்கள் இந்தியாவிலிருந்து வந்தன என்பது எல்லோரும் ஒப்புக்கொண்டது என்கிறார் அவர். ஒன்று கலீலா வதிம்னா என்ற கதைநூல், இரண்டு எல்லையின்றி எண்ண உதவும் ஒன்பது இலக்கங்கள், மூன்று ஷத்ரன்ஜ். தம் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர், தம் வாழ்வையே அர்ப்பணித்த கலை இன்னொருவர் வீட்டில் பிறந்தது என்று எழுதிவைத்தார். அவ்வாறு எழுதுவதால் அவருக்கு ஓர் ஆதாயமும் இல்லை.

மார்க்க அறிஞர்களிடையே இவ்வாட்டம் பற்றிய கருத்து வேறுபாட்டை இங்கே தொட்டுச் செல்ல வேண்டும். இமாம்கள் பலர் இதனைத் தடுத்தனர். நமது நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பந்தயமும் தொழுகையை மறத்தலும் இல்லாதவரை அது ஹராம் ஆகாது, மக்றூஹ் என்பதே நிலைப்பாடு. தாபிஈன்களில் ஒருவரான ஸஈத் இப்னு ஜுபைர் (மறைவு 714) பலகைக்கு முதுகு காட்டி அமர்ந்து ஆடினார் என்ற செய்தியையும் நூல்கள் பேசுகின்றன.

கோதுமைக் கதையை நம் பிள்ளைகள் அறிவர். ஆட்டத்தை அமைத்த ஸிஸ்ஸா என்ற இந்திய ஞானி, முதற் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று அரசனிடம் பரிசு கேட்ட கதை. இதனை எழுதிவைத்தவர்களும் அறபு ஆசிரியர்களே. ஒன்பதாம் நூற்றாண்டின் யஃகூபியிடம் இக்கணக்கு உண்டு. அஸ்ஸூலியின் வரலாற்றை எழுதுமிடத்தில் இப்னு கல்லிகான் ஸிஸ்ஸாவைக் குறிப்பிடுகிறார். முதல் வரிசை முடிய 255 மணிகள். இரண்டாம் வரிசை முடிய 65,535. அறுபத்துநான்கும் முடிய 1,84,46,74,40,73,70,95,51,615. இவ்வளவு பெரிய தொகையை எழுத அந்த ஒன்பது இலக்கங்களும் பூச்சியமும் தேவை. ஆட்டமும் இலக்கமும் ஒரே வழியில் பயணம் செய்தன.

யானை எங்கே நிற்கிறது?

எங்கள் கழகத்தில் ஓயாத வழக்கொன்று உண்டு. மூலையில் நிற்கும் காயைச் சிலர் 'கோட்டை' என்பர். சிலர் 'யானை' என்பர். ஆங்கிலப் புத்தகம் பார்ப்போருக்குக் கோட்டைதான் சரி. வீட்டில் முதியோரிடம் பழகிய பிள்ளைக்கு யானைதான் சரி. இவ்வழக்குக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சாட்சி உண்டு. தம் காலத்து இந்தியரின் ஆட்டம் தமது ஆட்டத்திலிருந்து எங்கெங்கே வேறுபடுகிறது என்பதை அல்அத்லி குறித்துவைத்தார். அவர் கூறும் இந்திய ஆட்டத்தில் யானை மூலைக் கட்டத்தில் நிற்கிறது. சுமார் 1030இல் இந்தியா பற்றிய தமது நூலை எழுதிய அல்பிரூனி, அங்கே யானை ஒரு கட்டம் நேர் முன்னாகவும் நான்கு மூலைத்திசைகளிலும் நகரும் என்கிறார். துதிக்கை ஒன்றும் கால்கள் நான்குமாக ஐந்து கட்டங்கள் என்று இந்தியர் விளக்கினராம். நால்வர் தாயக்கட்டையுடன் ஆடும் முறையையும் அவரே விபரிக்கிறார். தாம் அறிந்த விதியே சரி என்று தள்ளிவிடாமல், கண்டதைக் கண்டபடி பதிந்தார்கள் என்பதே இங்கு நோக்கத்தக்கது.

ஆட்டம் ஸ்பெயின், சிசிலி வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. 1283இல் காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்போன்ஸோ தொகுப்பித்த ஆட்டநூலில் அறபு மரபின் புதிர்கள் நிறைந்துள்ளன. ஷாஹ் என்ற சொல்லிலிருந்தே ஆங்கிலேயரின் 'செஸ்' வந்தது. ஸ்பானியர் 'அஹெத்ரெஸ்' என்று ஷத்ரன்ஜையே வைத்துக்கொண்டனர். உருவச் சிற்பமின்றி இரண்டு தந்தமுனைகள் மட்டும் துருத்தி நின்ற யானைக்காயை ஆங்கிலேயர் பிஷப்பின் தொப்பியாகவும் பிரெஞ்சுக்காரர் விகடகவியின் குல்லாவாகவும் கண்டனர் என்பது வழமையான விளக்கம். பிர்ஸான் அரசியானாள். சுமார் 1475 அளவில் ஸ்பெயினின் வலென்ஸியாவில் அவளுக்குப் பலகை முழுதும் ஓடும் வலிமை கிடைத்தது. இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் ஸ்பானிய மொழியில் அக்காயின் பெயர் இன்றும் 'அல்பில்', நமது 'அல்பீல்'. கடல்வழியே கிழக்கே போன ஆட்டத்தை மலாய் மொழி 'சத்துர்' என்றே அழைக்கிறது. நம் நாட்டு மலாய்க் குடும்பத்தாரிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஊராத்துறையின் யானையும் குதிரையும்

இனி நமது குடாநாட்டுக்கு வருவோம். பலகையில் நாம் நகர்த்தும் யானையும் குதிரையும் இங்கே ஒருகாலத்தில் மரக்கலத்தில் ஏற்றி இறக்கிய சரக்குகள். பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி, இந்தியாவில் யானைத் தந்தம் மிகுதியும் ஷத்ரன்ஜ், நர்த் காய்கள் செய்யவே பயன்படுகிறது என்று எழுதினார். சமர்கந்தின் பழைய நகரான அப்ராஸியாபில் 1977இல் கிடைத்த பழைமையான ஏழு காய்களும் தந்தத்தால் ஆனவை. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வந்து ஏலத்தில் விற்கப்பட்டன. கோல்கொண்டாவிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வணிகர் வந்து வாங்கினர்.

அதற்கும் முந்தியது நயினாதீவுக் கல்வெட்டு. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தமிழில் பொறிக்கச் செய்த சாசனம் அது. பரதேசத்து வணிகர் ஊராத்துறைக்கு வந்து கூட வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்று அது விதிக்கிறது. யானை குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு திறைசேரிக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கலமாயின் சரிபாதி. ஊராத்துறை என்பதே இன்றைய ஊர்காவற்றுறை. சிங்கள மன்னன், தமிழ்ச் சாசனம், அந்நிய வணிகன், யானை, குதிரை எல்லாம் ஒரே கல்லில் உள்ளன.

1344இல் இப்னு பதூதா யாழ்ப்பாண மன்னன் ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தார். மன்னனுக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும் தாம் சொன்ன கதைகளை விரும்பிக் கேட்டான் என்றும் எழுதியுள்ளார். அம்மன்னன் ஷத்ரன்ஜ் ஆடினான் என்று நான் சொல்ல வரவில்லை. சத்ரங் என்ற சொல் எந்த மொழியில் இருந்து அறபுக்குச் சென்றதோ, அந்த மொழி அன்றைய யாழ்ப்பாண அரசவைக்கு அந்நியமாக இருக்கவில்லை என்பதே செய்தி.

யாருடையது?

இவற்றையெல்லாம் ஒருநாள் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது தரம் எட்டு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அப்ப இது எங்கட விளையாட்டோ, அவையின்ர விளையாட்டோ?" என்று கேட்டான். பிள்ளை கேட்டது சதுரங்கத்தைப் பற்றி. ஆனால் 'யார் முதலில்' என்ற கேள்வி இந்த நாட்டில் பலகையோடு நின்றதில்லை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனமூலம் பற்றிக் கட்டுரை படித்ததும், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து நூல் எழுதியதும் நம் வாசகர் அறிந்தவையே. இருவரும் எடுத்து எண்ணியவை மூலங்கள். இரு சமூகமும் நூற்றாண்டுகளாக ஒன்றிடமிருந்து மற்றது பெற்றுக்கொண்டவை அந்த வழக்கில் சாட்சியாக ஏறவில்லை.

1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. வளர்ந்தது புத்தளத்து ஓலைக் கொட்டிலில். ஆசிரியர் கலாசாலையை முடித்து, போர் ஓய்ந்த பின் குடாநாட்டுக்குத் திரும்பி, இன்று இவ்வூர்ப் பிள்ளைகளுக்கே கற்பிக்கிறேன். அந்நிய வணிகனுக்குக் காவல் விதித்த கல்வெட்டு அந்த 1990இலும் இதே நிலத்தில் நின்றது என்பதை வரலாற்றுப் பாடம் நடத்தும்போது நினையாமல் இருக்க முடிவதில்லை.

அம்மாணவனுக்கு நான் சொன்ன விடை இது: "பிறந்தது இந்தியாவில். அதை நமக்குச் சொல்லித் தந்தவர்கள் பாரசீகரும் அறபிகளும்." தன் பெருமையைத் தானே சொல்லும்போது அது உரிமைகோரல் மட்டுமே. பெற்றுக்கொண்டவர் வாயால் வரும்போதுதான் அது சாட்சியாகிறது. இந்தியாவின் பெயரைப் பெற்றவர்கள் மறைத்திருந்தால், இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது பாணரின் ஒரு சிலேடையும் மண்டோதரியின் கதையும்தான். பெயரைச் சொன்னதால் அறபிகளின் புகழ் குறைந்துவிடவுமில்லை. அஸ்ஸூலி அஸ்ஸூலியாகவே இருக்கிறார்.

1913இல் வெளிவந்து இன்றுவரை அடிப்படை நூலாக விளங்கும் சதுரங்க வரலாற்றை எழுதிய எச்.ஜே.ஆர். மரேயும் பாடசாலை அதிபராகவும் பின்னர் பாடசாலைப் பரிசோதகராகவும் இருந்தவரே. அறபுக் கையெழுத்துப் பிரதிகளை நேரே படிப்பதற்காக அவர் அம்மொழியைக் கற்றுக்கொண்டார். சுமார் 900 பக்கங்களைப் பாடசாலை வேலைகளுக்கிடையே எழுதி முடித்தார். நாம் அவ்வளவு செய்ய இயலாவிட்டாலும் ஒன்று செய்யலாம். கல்முனை, காத்தான்குடி, மன்னார், புத்தளம், சோனகத்தெரு ஆகிய இடங்களில் பழைய தலைமுறையினர் பலகையின் காய்களை எவ்வெப் பெயரால் அழைத்தார்கள், யானையை எங்கே நிறுத்தினார்கள், யாரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள் என்பதைக் கேட்டு எழுதிவைக்கலாம். கேட்கக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றார்கள். யாரிடமிருந்து கற்றார்கள் என்ற கேள்வியை மட்டும் தவறாமல் கேளுங்கள்.